வளைவுக்காரியும் படிக்கட்டும்

சின்னவள் எதிர்த்து நின்று ஜெயித்தவை பல. பிறந்தபோது உள்ளங்கையில் அடங்கும் அளவே இருந்தாள். இது தேறாது என்று கைவிரித்த மருத்துவச்சியைத்தான் முதலில் ஜெயித்தாள். அடுத்து அம்மைக் காய்ச்சல். அதற்கடுத்து, பெண் முன்னால் நடந்தால் பின்னால் வருகிறவன் கவனம் சிதறிப் பள்ளத்தில் விழுவான் என்று சொல்லி அவளைச் சேர்க்க மறுத்த வழிகாட்டிகள் கூட்டம். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர், முன்னால் யாருமே நடக்காத ஒரு நாளில் தானாகவே பள்ளத்தில் விழுந்தார். அவரை முதுகில் சுமந்துகொண்டு வந்து சேர்த்தவள் இவள். பிறகு ஒரு கரடி. அது குட்டிக் கரடிதான் என்று சிலர் சொல்வதுண்டு. அவள் அக்கா நன்றாக விசாரித்துவிட்டாள், பெரிய கரடிதான். கரடிக்குப் பிறகு மாமியார். இதில் குட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. கடைசியாக, இருபக்கமும் கைப்பிடியும் நடுநடுவே குப்பைத்தொட்டியும் வைத்து சிமெண்டில் கட்டிய ஒரு படிக்கட்டு. மற்றதெல்லாம் ஊருக்குத் தெரியும். படிக்கட்டுக் கதையை மட்டும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். நடந்தது இதுதான்.

சின்னவளின் தொழில், காட்டுக்குள் இருக்கும் அருவிக்கு ஆள் கூட்டிப்போவது. பஸ் போய் நிற்கும் கடைசி இடத்திலிருந்து விடிகாலையில் கிளம்பினால் வெயில் சாயும்போது போய்ச் சேரலாம். நடுவில் மூங்கில் காடு, வழுக்குப் பாறை, இடுப்பளவு ஓடை, வழிநெடுக அட்டை. இதை உள்ளபடி சொன்னால் ஒருவரும் பஸ்ஸை விட்டு இறங்க மாட்டார்கள். அதனால் வழிகாட்டிகளுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. இன்னும் எவ்வளவு தூரம் என்று யார் எந்த இடத்தில் கேட்டாலும் "இன்னும் ஒரு வளைவு" என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு என்று சொல்லவே கூடாது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் வாய் தவறி ஒருமுறை இரண்டு என்று சொல்லிவிட்டார். வளைவுகளை எண்ணலாம் என்பதே அப்போதுதான் அந்தக் கூட்டத்துக்கு உறைத்தது. எண்ணத் தொடங்கினார்கள், கொஞ்ச தூரத்தில் திரும்பிப் போய்விட்டார்கள். சொன்னவர் இப்போது கோழிப்பண்ணையில் வேலை செய்கிறார்.

இந்த வித்தையில் சின்னவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. மற்றவர்கள் அதைப் பதிலாகச் சொன்னார்கள். அவள் அதைத் தனக்கே அந்த நிமிடம்தான் கிடைத்த நல்ல செய்தியைப் போலச் சொல்வாள். கேட்டவர் அவளுக்காகச் சந்தோஷப்பட்டு நடப்பார். அருவி வந்ததும் பாதிப்பேர் அழுவார்கள். மீதிப்பேர் அவளைத் திட்டிவிட்டு அப்புறம் அழுவார்கள். வளைவுக்காரி என்ற பெயர் அப்படித்தான் வந்தது. மறுவருஷம் தங்கள் சொந்தக்காரர்களை அவளிடம் அனுப்பிவைத்ததும் அவர்களேதான்.

அக்கா இதற்கு நேர் எதிர். பஸ் நிலையத்துக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறாள். நூலளவு கூடினாலும் பிரித்துத் தைப்பாள். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றால் வெள்ளிக்கிழமை தருவாள். இதனாலேயே சக தையல்காரர்கள் அவளோடு பேசுவதில்லை. தங்கை இத்தனை வருஷம் அந்தத் தொழிலில் இருந்தும் அக்கா ஒருதடவைகூட அருவியைப் பார்த்ததில்லை. கூப்பிட்டபோதெல்லாம், உன் வளைவுக் கணக்கை நம்பி வந்தால் என் தையல் கணக்கு என்னாவது என்று தட்டிக்கழித்துவிடுவாள்.

அப்புறம் ரோடு வந்தது. மலையின் அந்தப் பக்கமாக வெட்டி, அருவியின் காலடிவரை கொண்டுபோய், வண்டி நிறுத்த இடம் ஒதுக்கி, அங்கிருந்து பார்வை மேடைக்குப் படி கட்டினார்கள். ஒரு பாட்டு கேட்டு முடிப்பதற்குள் ஏறிவிடலாம். ஜனம் வேன் வேனாக வந்து குவிந்தது. வந்த ஜனம் அருவிக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்தது. படத்தில் தெரிந்த அருவியைப் பார்த்து, போன தடவை வேறெங்கோ பார்த்ததைவிடச் சின்னது என்று சொல்லிவிட்டு ஐஸ்கிரீம் கடைப் பக்கம் போனது. அருவியைவிட ஐஸ்கிரீம் கடையில்தான் கூட்டம் அதிகம் நின்றது. வழிகாட்டிகளில் ஒருவர் டிக்கெட் கிழிக்கப் போனார், ஒருவர் வேன் ஓட்டப் போனார், ஒருவர் சோளம் சுட்டு விற்றார். சின்னவள் ஒரே ஒரு நாள் படிக்கட்டின் அடியில் போய் நின்று பார்த்தாள். ஒரு குடும்பம் வந்தது, குடும்பத் தலைவர் எவ்வளவு தூரம் என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவருடைய மனைவி பக்கத்தில் இருந்த பலகையைக் காட்டி மீட்டர் கணக்கை வாசித்துவிட்டாள். அதோடு சின்னவள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து அக்கா அருவிக்குப் போனாள். கடைக்கு விடுமுறை விட்டு, இஸ்திரி போட்ட உடுப்பும் புதுச் செருப்புமாக வேனில் போய் இறங்கினாள். செருப்பில் தூசிகூட ஒட்டவில்லை. மேடையில் நின்று உயரத்தைக் கண்ணால் அளந்தாள், அகலத்தை அளந்தாள். பக்கத்தில் ஒருவர் தன் பிள்ளையிடம் பார்த்தாயிற்றா, போகலாமா என்று கேட்டார். சரி, பார்த்தாயிற்றே என்று அக்காவும் இறங்கிவிட்டாள்.

"எப்படிக்கா இருந்துச்சு?" என்று சின்னவள் கேட்டாள்.

"நல்லாத்தான்டி இருக்கு. ஆனா இதுக்கா இத்தனை வருஷம் இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணின? நம்ம தண்ணித்தொட்டி நிரம்பி வழிஞ்சாலே கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்."

அன்றிலிருந்து சின்னவள் அக்காவோடு பேசவில்லை. கடைக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. வந்து உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை எல்லாம் தையல் மிஷினைப் பார்த்துச் சொல்வாள். மிஷினே, பசிக்குது, சாப்பாட்டை எடுத்து வைக்கச் சொல்லு என்பாள். அக்காவும் விடாமல், மிஷினே, கை கழுவச் சொல்லு என்பாள். காஜா எடுக்கக் கொடுத்த துணியை வாங்க வந்த வாடிக்கையாளர்கள் இதைப் பார்த்து மிரண்டு போனார்கள்.

ஒருநாள் சின்னவள் மிஷினை விட்டுவிட்டு நேராக அக்காவையே பார்த்துப் பேசினாள். பழைய பாதையின் வாயில் கம்பிவேலிக் கம்பங்கள் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், பாதையை மூடப்போகிறார்கள். மூடிவிட்டால் அவளுக்கு மிச்சம் இருக்கிற வேலை, டவுனில் சலவைக் கூடத்தில் துணி மடிப்பது ஒன்றுதான். ஜன்னலில்லாத கூடம். கூரைக்கு அடியில் ஒரு மணிநேரம் உட்கார்ந்தாலே கொட்டாவி விடுகிறவள் அவள்.

"அந்தப் படிக்கட்டுத் திட்ட அதிகாரியை உனக்குத் தெரியும்ல? வாயேன்" என்றாள்.

அதிகாரிக்குக் கால்சட்டை தைத்துக்கொடுப்பது அக்காதான். இடுப்பளவு தெரிந்த ஆளிடம் அவளுக்குப் பயம் கிடையாது. இருவரும் போனார்கள். அதிகாரி நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார். மணிக்கட்டில் பெரிய கடிகாரம் ஒன்று கட்டியிருந்தார். நடந்த தூரம், நிற்கும் இடம் என்று மணியைத் தவிர எல்லாவற்றையும் காட்டும்.

"சுலபமா வரட்டும்னுதானேம்மா படி கட்டினது? அதை விட்டுட்டுக் கஷ்டப்பட்டு எவன் நடப்பான்?"

"நடக்க ஆள் கூட்டிட்டு வந்தா விடுவீங்களா சார்?" என்றாள் சின்னவள்.

அதிகாரி யோசித்தார். கடைசியில் ஒரு தடவை சோதனை நடை போய்ப் பார்க்கலாம், தானும் கூட வருகிறேன் என்றார். ஆனால் ஐந்து பேராவது நடக்க வேண்டும். அதில் ஒருவர் பாதியில் திரும்பினாலும் மறுநாளே வேலி போட்டுவிடுவார். சின்னவள் சரியென்றாள். பஸ் நிலையத்தில் நாள் முழுக்க நின்று, வெளியூரிலிருந்து வந்த ஒரு பல் டாக்டரையும், கல்யாணமாகிச் சில நாட்களே ஆன ஒரு ஜோடியையும் பிடித்தாள். அதிகாரியோடு நாலு பேர். ஐந்தாவது ஆள் கிடைக்கவில்லை.

அக்கா மிஷினைப் பார்த்து, "மிஷினே, ஒருநாள் பொறுத்துக்கோ" என்றாள்.

அப்படியாக அக்கா, கழுத்திலிருந்து டேப்பைக் கழற்றவும் மறந்து, காட்டுக்குள் நடந்தாள். நடக்க ஆரம்பித்த நொடியிலிருந்து தங்கையைத் திருத்திக்கொண்டே வந்தாள். சின்னவள் இதுதான் மூங்கில் காடு என்றால், அந்த ஓரத்தில் நிற்கிற மரம் மூங்கில் இல்லையே என்பாள். இந்த ஓடை முழங்கால் அளவுதான் என்றால், டேப்பை விட்டுப் பார்த்து, யார் முழங்கால் என்பாள். பல் டாக்டருக்கு அவளை மிகவும் பிடித்துப் போயிற்று. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தார். புதுமாப்பிள்ளையும் பெண்ணும் கைகோத்துக்கொண்டு நடந்தார்கள்.

வழுக்குப் பாறை தாண்டியதும் கோத்த கை பிரிந்தது. இரண்டாவது அட்டை கடித்ததும் பேச்சு நின்றது. நாலாவது அட்டைக்கு அந்தப் பெண் திரும்பி நின்று, நான் கடற்கரைக்குப் போகலாம்னுதானே சொன்னேன் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை, அட்டைதான் ஆடியது.

மூங்கில் அடர்ந்த ஓரிடத்தில் பல் டாக்டர் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார். சின்னவள் முகமெல்லாம் மலர, இன்னும் ஒரே வளைவு என்றாள்.

"இந்தக் குரல் எனக்குத் தெரியும்மா" என்றார் டாக்டர். "பல் பிடுங்கும்போது, லேசாத்தான் வலிக்கும்னு நான் சொல்வேன் பாருங்க, அதே குரல். என்கிட்டயேவா?"

எல்லாரும் அதிகாரியின் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அதிகாரி அதைத் தட்டினார், வானத்துக்குக் காட்டினார், மறுபடி தட்டினார். இலை அடர்த்தியில் அதற்கு ஒன்றும் எட்டவில்லை போலிருக்கிறது.

"இதுல பார்த்தா நாம இன்னும் பஸ் நிலையத்துலதான் நிக்கிறோம்" என்றார்.

அதைக் கேட்டதும் புதுப்பெண் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் கணக்கிலேயே சேரவில்லை என்றால் யாருக்குத்தான் கால் நிற்கும்? மாப்பிள்ளை அவளுக்குப் பக்கத்தில் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் பாதி குனிந்து நின்றார். டாக்டர் முழங்காலைத் தடவிக்கொண்டு, திரும்பிவிடலாம், படிக்கட்டு வழியாகப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதிகாரி வருத்தத்தோடுதான் சின்னவளைப் பார்த்தார். ஆனால் தலையை ஆட்டிவிட்டார்.

எந்த இடத்திலும் சொல் கைகொடுத்த சின்னவளுக்கு, அந்த இடத்தில் சொல் வரவில்லை. தரையைப் பார்த்து நின்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட நாளில் அவள் அப்படி நின்றதை அக்கா பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

டாக்டர் அக்கா பக்கம் திரும்பினார். "காலையிலேருந்து கறாராப் பேசுறது நீங்க ஒருத்தர்தான். உள்ளூர்க்காரங்க வேற. நீங்க சொல்லுங்க, நான் நம்புறேன். உண்மையா இன்னும் எவ்வளவு தூரம்?"

அக்காவுக்கும் இந்தப் பாதை புதிது என்பது அவருக்குத் தெரியாது. அக்கா கழுத்தில் தொங்கிய டேப்பைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமையே தந்த கை அது. தொண்டையைச் செருமிக்கொண்டு, இடுப்பளவு சொல்லும் அதே குரலில் சொன்னாள்:

"ஒரு வளைவுதான் டாக்டர். அதுவும் முழு வளைவு கிடையாது. முக்கால்."

அந்த முக்கால்தான் வேலை செய்தது. பொய் சொல்கிறவர் எவராவது முக்கால் என்று சொல்வாரா? டாக்டர் எழுந்துவிட்டார். அவர் எழுந்ததும் புதுப்பெண் எழுந்தாள். சின்னவள் வாயில் ஈ போவது தெரியாமல் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றதில், முன்னால் நடக்க வேண்டியவள் கடைசியாக நடந்தாள்.

அந்த வளைவு திரும்பியும் அருவி இல்லை. டாக்டர் நின்று அக்காவைப் பார்த்தார். நான் சொன்னது அடுத்த வளைவை என்றாள் அக்கா. முதல் பொய்க்குத்தான் அத்தனை பாடு. அடுத்தது தானாகவே வந்துவிடுகிறது என்பதைக் கண்டுகொண்டாள். அதற்கடுத்த வளைவில், இது வளைவே இல்லை, வெறும் கோணல் என்றாள். சின்னவள் பின்னாலிருந்து மெதுவாக, "போதும்க்கா, ரொம்ப நெருக்கி அடிக்காத, சந்தேகம் வந்துடும்" என்றாள்.

எத்தனை வளைவு போனது என்பதை அக்கா எண்ணவில்லை. அவள் எண்ணாமல் விட்ட விஷயம் அநேகமாக இது ஒன்றுதான். சத்தம் முதலில் காலில்தான் தெரிந்தது. பாறை லேசாக அதிர்ந்தது. அப்புறம் காற்று குளிர்ந்தது. அப்புறம் மரங்கள் விலகின. பாதை போய் முடிந்தது அருவி விழும் குளத்தின் கரையில், மேடைக்கு எதிர்ப்பக்கம். அக்கா அண்ணாந்தாள். இன்னும் அண்ணாந்தாள். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அக்கா செருப்போடு குளத்தில் காலை விட்டு, பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். காதோரம் ஓர் அட்டை தொங்கியது, அவளுக்குத் தெரியவில்லை. டாக்டர் முகத்தைத் துடைக்கிறவர் போல அழுதார். புதுப்பெண் கடற்கரையைப் பற்றிப் பேசவில்லை. சின்னவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த அட்டையை எடுத்துப் போட்டாள். எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

"நான் படிக்கட்டு வழியா வந்தப்ப இது இங்க இல்லடி" என்றாள் அக்கா.

சின்னவள் சிரித்த சிரிப்பில் எதிரே மேடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தோடு காவலாளியின் விசிலும் கிளம்பியது. காட்டுக்குள்ளிருந்து சேறும் ரத்தமுமாக ஆறு உருவங்கள் வந்து குளக்கரையில் நின்றால் அவர் வேறு என்ன செய்வார்? பாறை தாண்டி மேடையில் ஏறியதும் முன்னால் வந்தவரை மறித்து டிக்கெட் கேட்டார்.

"நான்தான்யா" என்றார் அதிகாரி.

"எல்லாரும் நான்தான்னுதான் சொல்றாங்க. டிக்கெட் எங்க?"

அதிகாரி தன் பதவியைச் சொன்னார். காவலாளி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, எங்க அதிகாரி இஸ்திரி மடிப்பு கலையாத மனுஷர், அவர் பேரைக் கெடுக்காதீங்க என்றார். அக்கா குறுக்கே வந்து, அந்தக் கால்சட்டை தன் கையால் தைத்தது என்று சாட்சி சொன்ன பிறகுதான் கையை இறக்கினார்.

அதற்குள் கூட்டம் சுற்றி நின்றுவிட்டது. ஐஸ்கிரீமை நக்காமல் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். டாக்டர் சொல்ல ஆரம்பித்தார். அவர் வாயில் ஓடை கழுத்தளவு ஆகிவிட்டது. புதுப்பெண் கையை நீட்டி அட்டை கடித்த இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். மாப்பிள்ளை அவள் தவறவிட்டதை எடுத்துக் கொடுத்தார். இருவரும் மறுபடி கைகோத்திருந்தார்கள். இதுவரை அருவிக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்தவர்கள் இப்போது அருவியை விட்டுவிட்டு இவர்களோடு நின்று படம் எடுத்தார்கள். ஒரு சின்னப் பெண் அதிகாரியின் சேறு படிந்த கையைத் தொட்டுப் பார்த்து, இவர் காட்டிலேயே இருப்பவரா என்று தன் அம்மாவிடம் கேட்டாள். அந்த மனுஷர் நெஞ்சை நிமிர்த்திய நிமிர்த்தலை அக்கா பார்த்தாள். கால்சட்டை தைத்துத் தந்த இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு கம்பீரமாக நின்றதில்லை.

"நாங்களும் அப்படி வரலாமா? ரொம்ப தூரமா சார்?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சின்னவளை ஒருதரம் பார்த்தார். பிறகு அந்த அம்மாளிடம், அப்படியொன்றும் தூரமில்லை, ஒரு வளைவு இருக்கும் என்றார்.

வேலிக் கம்பங்களை லாரி வந்து திரும்ப ஏற்றிக்கொண்டு போயிற்று. படிக்கட்டு அப்படியேதான் இருக்கிறது. அதில் ஏறி வந்து குளக்கரையில் சேற்று ஆட்களைப் பார்க்கிறவர்கள், இறங்கும்போதே அடுத்த நடை எப்போது என்று விசாரிக்கிறார்கள். டிக்கெட் கிழிக்கப் போன வழிகாட்டி, இப்போது சின்னவளிடம் தன்னையும் சேர்த்துக்கொள்ளக் கேட்டு நிற்கிறார். இந்த இரண்டு வாரத்தில் அக்கா கடைக்கு அட்டை நுழையாத முழுநீளக் கால்சட்டை கேட்டுப் பலர் வந்துவிட்டார்கள். எப்போது கிடைக்கும் என்று கேட்டால் அவள் இன்னமும் கிழமையைத்தான் சொல்கிறாள்.

பழைய பாதையைச் சின்னவளின் பொறுப்பில் விடும் ஒப்பந்தத்தை அதிகாரி தயார் செய்தார். அது தயாராகிக்கொண்டிருந்த வாரம் முழுக்க, மத்தியானங்களில் சின்னவள் தையல் கடையில் உட்கார்ந்து வெட்டுத் துணிகளில் சுண்ணக்கட்டியால் தன் பெயரை எழுதிப் பழகினாள். கூரைக்கு அடியில் ஒரு கொட்டாவிகூட விடவில்லை. அக்கா பிரித்துப் பிரித்து எழுதச் சொன்னாள்; முதல் எழுத்தின் சுழியைத் திருத்தித் திருத்தி இருவருக்கும் சண்டை வந்தது. வாடிக்கையாளர் ஒருவரின் கோட்டு உள்துணியில் அந்தப் பெயர் அழியாமல் போய்விட்டதை அவர் இன்னும் கவனிக்கவில்லை.

அலுவலகத்தில் அதிகாரி வழக்கம்போல கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத் திறந்து சின்னவளின் பக்கம் தள்ளினார். அவள் அதை மூடி, அவர் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டு, சட்டைப் பையில் இருந்த பேனாவைக் கேட்டாள். அதிகாரி கொடுத்தார். மேலே மின்விசிறி சுற்றியது. காகிதம் பறக்காமல் அக்கா இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சின்னவள் நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, ஓர் எழுத்தும் விடாமல், முழுப் பெயரையும் எழுதி முடித்தாள். சுழி சரியாக வந்திருந்தது. அதன் கீழே அக்கா சொல்லச் சொல்ல அவளே தேதியையும் எழுதினாள்: 2016 ஜூலை 14, வியாழக்கிழமை.